எவனாலும் திருட முடியாத காசு

வெங்கலப்பட்டிக்காரர்களுக்கு மூளையே கிடையாது என்று சொல்வது அபாண்டம். இருந்தது, தேய்ந்துவிடுமே என்று எடுக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்தச் சிக்கனத்தில் ஊருக்கே முதல் ஆள், பித்தளைப் பட்டறை முதலாளி மாசானம்.

பாவம், அவருக்கு அப்போது நேரம் சரியில்லை. ஊரெல்லாம் எவர்சில்வருக்கு மாறிவிட்டதால் உலை அணைந்து கிடந்தது. பட்டறையை விலைக்குக் கேட்டு எவர்சில்வர் கடைக்காரர் வாரம் தவறாமல் வந்து போனார். பட்டறை கைவிட்டுப் போனால் உயிரோடு இருக்க மாட்டேன் என்று மாசானம் பெண்டாட்டியிடம் சொல்லிச் சொல்லி அழுதார்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து நவநீதன் என்ற கிரிப்டோ வியாபாரி காரில் வந்து இறங்கினார்.

"இந்தப் பணம் கம்ப்யூட்டர்லதான் இருக்கும். ஆனா ஜனங்களுக்குக் கையில தொட்டுப் பார்க்க ஆசை. அதனால பித்தளையில காசு வார்த்து, முதுகுல குழி வச்சு, இந்த ரகசிய எண் சீட்டை அதுக்குள்ள மடிச்சு வைக்கணும். மேல இந்த மினுமினு ஸ்டிக்கர். உரிச்சா அதுல கட்டம் கட்டமா விழுந்து காட்டிக் கொடுத்துடும். எண் தெரிஞ்சவனுக்குத்தான் பணம். அதனால சீட்டை யாரும் பார்க்கக் கூடாது, நீங்களும்தான். காசெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்."

"சீட்டுக்கு நகல் இருக்கா சார்?" என்று கேட்டார் மாசானம்.

"நகல் எடுத்தா எவனாவது திருடிட மாட்டானா?" என்றார் நவநீதன். அவரும் வெங்கலப்பட்டிக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்க வேண்டும்.

காசு வார்த்ததில் குறை சொல்ல முடியாது. மணல் அச்சில் ஊற்றி, அரம் போட்டு, புளியால் தேய்த்துப் பளபளவென்று எடுத்தார்கள். சீட்டு வைக்கும் வேளை வந்ததும் மாசானமும் அவருடைய வேலையாட்கள் இசக்கியும் சுடலையும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். பாதி ஸ்டிக்கர் சுடலையின் விரலில் ஒட்டியது. எப்படியோ வேலை முடிந்தது.

"மொதலாளி, உள்ள சீட்டு இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றான் இசக்கி.

"ஒண்ணை உரிச்சுத் தடவிப் பாருல."

சீட்டு இருந்தது. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால் ஸ்டிக்கரில் கட்டம் விழுந்திருந்தது.

"இது மட்டும் வேற மாதிரி இருக்கே. எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு சொன்னாரே!" என்று பதறினான் சுடலை.

மாசானம் நெடுநேரம் யோசித்தார். "அப்ப எல்லாத்தையும் உரிச்சிருங்கல."

மறுபடியும் கண்ணைக் கட்டி, எல்லாவற்றையும் உரித்தார்கள். இப்போது காசெல்லாம் அச்சாக ஒரே மாதிரி இருந்தது. ஆனால் சீட்டெல்லாம் திறந்து கிடந்தது. மாசானம் ஓடிப்போய்ப் பட்டறைக் கதவைச் சாத்தினார். வழியில் போகிறவன் ஒருவன் எட்டிப் பார்த்தாலும் ஆர்டர் போய்விடும், பட்டறையும் போய்விடும்.

"சீட்டு அம்புட்டையும் உலையில போடுங்கல. அங்க வந்து எவன் பாப்பான்?"

நவநீதன் வந்ததும் மாசானம் நெஞ்சை நிமிர்த்தி, "சார், இனிமே எந்தக் கொம்பனாலயும் சீட்டைப் பாக்க முடியாது" என்று நடந்ததை விளக்கினார். சொத்து முழுவதையும் அந்தச் சீட்டுகளில் வைத்திருந்த நவநீதன் தரையில் உட்கார்ந்து கதறினார்.

"ஏல, இது ஆனந்தக் கண்ணீரு" என்று வேலையாட்களுக்கு விளக்கினார் மாசானம்.

அழுது முடித்தவருக்கு ஒரு யோசனை வந்தது. புது ஸ்டிக்கரை ஒட்டிச் சென்னைக்கு எடுத்துப் போய், 'உலகத்தில் எவனாலும் திருட முடியாத காசு' என்று விளம்பரம் செய்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் வரிசையில் நின்று வாங்கினார்கள். உரித்தால் மதிப்புப் போய்விடும் என்று ஒருவரும் உரிக்கவில்லை. நாளுக்கு நாள் விலை ஏறியது. நவநீதன் மாசானத்துக்குக் கூலியைத் தாராளமாக அனுப்பினார். உலை எரிந்தது, பட்டறை பிழைத்தது.

ஆனால் செல்போனில் காசு விலையைப் பார்க்கப் பார்க்க மாசானத்துக்குத் தூக்கம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பட்டறையை எவர்சில்வர் கடைக்காரருக்கே விற்று, வந்த பணம் மொத்தத்துக்கும் அந்தக் காசை வாங்கி ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்தார்.

சுடலை ஓடி வந்து பையைப் பிடித்துக்கொண்டான். "மொதலாளி, இதுக்குள்ள ஒண்ணும் இல்லியே! நீங்கதான சீட்டை உலையில போடச் சொன்னிய?"

மாசானம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவன் வாயைப் பொத்தினார்.

"சத்தமாச் சொல்லாதல. விலை இறங்கிரும்."