சுண்ணாம்பு மதிலும் வெட்சிப் புதரும்

கேளுங்கள், சிறியோரே, பெரியோரே. ஊருக்குப் பெயர் வைத்தவர்களின் பெயரே மறந்துபோன காலத்தில், செம்மண் சீமை ஒன்றில் சாத்தப்பன் என்னும் வணிகன் வாழ்ந்தான்.

அவன் வாசலில் ஒரு வெட்சிப் புதர் இருந்தது. ஆண்டு முழுதும் பச்சை மாறாது. வெயில் ஏற ஏறக் கொத்துக் கொத்தாய்ச் சிவக்கும். வைகாசி விசாகத்தன்று முருகன் கோயிலில் வேலுக்குச் சாத்தும் முதல் மாலை அந்தப் பூவால்தான் கட்டப்படும். தலைமுறை தலைமுறையாக அவன் வீட்டுக்கு இருந்த உரிமை அது.

புதருக்கு வேலி இல்லை. விடியலில் அவ்வழியே போவோர் ஆளுக்கொரு கொத்துப் பறிப்பார்கள். பக்கத்து வீட்டில் நூல் நூற்றுப் பிழைத்த வெள்ளச்சியும் பறிப்பாள். பறித்த இடத்தில் புதுத் தளிர் விடும். தளிரின் நுனியில் மீண்டும் பூக்கும். சாத்தப்பன் தளிரைக் கவனித்ததில்லை. குறைந்த பூவை மட்டும் கவனித்தான்.

"நம் வீட்டுப் பூ ஊரார் கொண்டையில் உலா வருகிறது" என்று மனைவி உமையாளிடம் பொருமினான்.

"உங்கள் தலையில் வைக்க முடியவில்லையே என்ற வருத்தமா?" என்றாள் அவள். அவனுக்கோ முழு வழுக்கை.

அவன் சிரிக்கவில்லை. கொத்தனாரை அழைத்துப் புதரைச் சுற்றி ஆளுயர மதில் எழுப்பச் சொன்னான். சுண்ணாம்புக் கல்லை நீர்விட்டு நீற்றும் குழியைப் புதரின் அடியிலேயே வெட்டச் சொன்னான்.

"தெருவில் இடம் இருக்கிறதே" என்றார் கொத்தனார்.

"கண்ணெதிரே இருந்தால்தான் களவு போகாது" என்றான் சாத்தப்பன்.

மதில் நிலவுபோல் மின்னியது. பிறகு மழை பெய்தது. மழைக்குப் பின் வெட்சியின் இலைகள் மஞ்சளாகின. நரம்புகள் மட்டும் பச்சையாய் நின்றன.

எரு வைத்தான், இலை பழுத்தது. நீரைக் கூட்டினான், இலை பழுத்தது. பந்தல் போட்டு வெயிலை மறைத்தான், பூப்பதே நின்றுபோயிற்று.

அந்த வைகாசியில் வேலுக்கு ஒரு சிறு சரம்தான் கிடைத்தது. "அடுத்த ஆண்டும் இப்படியானால் உரிமை வேறு வீட்டுக்குப் போகும்" என்றார் கோயில் பெரியவர்.

சாத்தப்பன் அவமானத்தில் வெந்தான். "எல்லாம் வெள்ளச்சியின் வேலை. பூ கிடைக்காத ஆத்திரத்தில் உப்பு நீர் ஊற்றுகிறாள்" என்று ஊர் கூடிய சபையில் சொன்னான்.

"என் கஞ்சிக்கே உப்புப் போதவில்லை செட்டியாரே, உங்கள் செடிக்கு எங்கே போவேன்?" என்றாள் வெள்ளச்சி. சபை சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. "அந்தப் புதரில் மூன்று கிளை கொடுங்கள். என் வாசலில் நடுகிறேன். என் கைபட்டு அவையும் பழுத்தால், நான் ஊரைவிட்டே போகிறேன்."

"பழுக்காவிட்டால்?" என்று கேட்டார் பெரியவர்.

"செட்டியார் என் வாசலுக்கு வந்து, நான் செய்யவில்லை என்று சொன்னால் போதும்."

அதிகம் முற்றாத மூன்று கிளைகளை அவள் தேர்ந்தாள். அடி இலைகளைக் கிள்ளினாள். செம்மண்ணும் மணலும் மக்கிய இலையும் கலந்து நிழலில் நட்டாள். ஈரம் காயவிடவில்லை, நீர் தேங்கவும் விடவில்லை. வேர் பிடித்ததும் வாசலில் வெயில் படும் இடத்தில் மாற்றி நட்டாள். கொத்து வாடியதும் நுனியைக் கிள்ளினாள். ஒரு கிளை இரண்டாகியது.

சாத்தப்பன் நாள்தோறும் முக்காலியில் ஏறி மதிலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தான். ஒரு மஞ்சள் இலைக்காகக் காத்திருந்தான்.

"பார்த்து இறங்குங்கள். அந்த மதில் ஊராரைத் தடுக்கக் கட்டியது, உங்களை விழவைக்க அல்ல" என்றாள் உமையாள்.

அடுத்த வைகாசி விசாகம் விடிந்தது. அந்தப் பக்கம் மூன்று செடிகளும் சிவந்து நின்றன. இந்தப் பக்கம் அவற்றின் தாய் வெளிறி நின்றது. அதே வெட்சி, அதே மழை. வேறு எதுதான் இடையில் இருக்கிறது? அவன் கை மதிலின் மேல் இருந்தது. எடுத்துப் பார்த்தான், உள்ளங்கை வெளுத்திருந்தது.

மெல்ல இறங்கி வேரடியைத் தோண்டினான். செம்மண் வரவில்லை. சுண்ணாம்புக் கட்டிகள் வந்தன.

மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. மண்வெட்டியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றான். பிறகு ஒரு வெள்ளைக் கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வெள்ளச்சியின் வாசலுக்குப் போனான்.

"உப்பு ஊற்றியது நீ இல்லை. சுண்ணாம்பு ஊற்றியது நான்" என்றான்.

வெள்ளச்சி அந்தக் கட்டியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பின் கூடையை அவனிடம் நீட்டினாள். "விசாகத்துக்கு நேரமாகிறது. பறிக்கவாவது தெரியுமா?"

அவன் பறித்தான். அவள் கட்டினாள். கோயிலில் பெரியவர், "எந்த வீட்டு மாலை?" என்று கேட்டார். தலைமுறைகளின் உரிமை அந்த ஒரு சொல்லில் தொங்கியது.

"வெள்ளச்சி வீட்டு மாலை" என்றான் சாத்தப்பன்.

மறுநாளே மதில் இடிந்தது. வெளுத்த மண் வண்டி வண்டியாகப் போயிற்று. செம்மண்ணும் மக்கிய இலையும் வந்தன. அடுத்த மழையில் புதர் பச்சை பிடித்தது. அதன் முதல் கொத்தைத் தெருவில் போன யாரோ பறித்துக்கொண்டு போனார்கள். சாத்தப்பன் மறிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஆகவே, அன்பர்களே, பிறருக்குக் கிடைக்கக் கூடாதென்று நாம் எழுப்பும் தடை, பிறரைத் தொடுமுன் நம் உடைமையின் வேரைத்தான் கெடுக்கும் என்று அறிந்து வாழுங்கள்.