கிளையை விடாத உடும்பு

புயல் அடித்து ஓய்ந்தது. காட்டாற்றில் வந்த வெள்ளமும் வடிந்தது. விலங்குகள் எல்லாம் மேட்டிலிருந்து இறங்கி, வளை இருக்கிறதா போய்விட்டதா என்று தேடிக்கொண்டிருந்தன. வீரணன் என்ற உடும்பு மட்டும் இறங்கவில்லை.

ஆற்றங்கரை மருத மரத்தின் உச்சிக்கிளையை நாலு காலாலும் கட்டிக்கொண்டு அப்படியே கிடந்தான். உடும்பு பிடித்தால் பிடித்ததுதான், உங்களுக்குத் தெரியாததா? வெள்ளம் வந்த அன்று அந்தப் பிடிதான் அவன் உயிரைக் காப்பாற்றியது. இப்போது அதே பிடி அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. இரை இல்லை, தண்ணீர் இல்லை. வயிறு முதுகோடு ஒட்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் அந்தக் கிளையிலேயே காய்ந்து செத்துப்போவான்.

இறங்க அவனுக்கும் ஆசைதான். ஆனால் விரலைத் தளர்த்தலாம் என்று நினைத்தாலே போதும், காதில் ‘ஹோ’வென்று வெள்ளச் சத்தம் கேட்கும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பிடி இன்னும் இறுகும். இத்தனைக்கும் கீழே ஆறு கணுக்கால் அளவுதான் ஓடிக்கொண்டிருந்தது!

இந்தச் சேதி நரியார் காதுக்குப் போனது. நரியார் அப்போதுதான் ‘ஆறுதல் சபை’ என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். அவரே தலைவர், அவரே பேச்சாளர். கேட்கத்தான் ஆள் சிக்கவில்லை. ஓடிப்போக முடியாமல் ஒருத்தன் மரத்தில் மாட்டியிருக்கிறான் என்றால் விடுவாரா? கரடியையும் காட்டுப்பன்றியையும் குரங்குகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“வீரணா! மனசைத் தேத்திக்கோ! நடந்ததை மறந்துட்டு இறங்கி வா!” என்றார்.

“முடியல நரியாரே!”

“முடியும்னு நினை! முடியும்!”

“நினைச்சுப் பாத்தேன். முடியல.”

“அப்போ நீ சரியா நினைக்கல!” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் நரியார்.

கரடி குறுக்கே புகுந்தது. “இதுக்குப் போயா இந்த ஆர்ப்பாட்டம்? எனக்கு எத்தனை தேன்கூடு போச்சு தெரியுமா? நான் அழுதேனா?”

“நேத்து பூரா அழுதியே!” என்றது ஒரு குரங்கு.

“அது வேற!”

“தேன்கூடெல்லாம் ஒரு நஷ்டமா? என் கிழங்கு பூமியே மண்மூடிப் போச்சு!” என்று உறுமியது காட்டுப்பன்றி.

“கிழங்கு மறுபடி முளைக்கும். தேன்கூடு முளைக்குமா?”

அவ்வளவுதான்! யாருடைய துக்கம் பெரியது என்று மரத்தடியில் அடிதடி கிளம்பிவிட்டது. ஆறுதல் சொல்ல வந்தவர்களை விலக்கிவிட இன்னொரு கூட்டம் தேவைப்பட்டது. வீரணன் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியில் குரங்குகள், “பேசிப் பேசி என்ன ஆகப்போகுது? இழுத்துப் போட்டுடுவோம்!” என்று மரத்தில் ஏறின. வரிசையாக நின்று அவன் வாலைப் பிடித்து ‘ஏலேலோ’ என்று இழுத்தன.

“ஐயோ! வாலை விடுங்க! வாலை மட்டும் தொடாதீங்க!” என்று வீரணன் அலறிய அலறலில் பயந்துபோய்க் குரங்குகள் கையை விட்டன. விட்ட வேகத்தில் பொத்துப் பொத்தென்று கரடியின் மேல் விழுந்தன. கரடிக்கு வந்ததே கோபம்! மரத்தைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கியது. வீரணன் விழவில்லை. ஒரு பட்ட கிளை முறிந்து நேராக நரியாரின் நடுமண்டையில் விழுந்தது.

“திமிர் பிடிச்சவன்! ஆறுதல் சொன்னா வாங்கிக்கத் தெரியல!” என்று மண்டையைத் தடவிக்கொண்டே நரியார் நடையைக் கட்டினார். மற்றவர்களும் போய்விட்டார்கள். வீரணனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் விழுங்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் ராக்காயி என்ற முள்ளம்பன்றி அங்கே வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள்.

“என்னை இறக்கத்தான் வந்தியா அக்கா?” என்று வீரணன் சலிப்போடு கேட்டான்.

“இல்லப்பா. இங்கதான் யாரும் இல்ல. அதான் வந்தேன்.”

அந்த நேரம் பார்த்து ஓர் இலை உதிர்ந்தது. சடார்! ராக்காயியின் முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன.

“என்னக்கா ஆச்சு?”

“இலை விழுந்துச்சு.”

“இலைக்கா இப்படி?”

“வெள்ளத்துல என் வளை இடிஞ்சு என் மேலேயே விழுந்துச்சு வீரணா. மூச்சு முட்ட மண்ணுக்குள்ள கிடந்தேன். அதிலேர்ந்து எது விழுந்தாலும், திடீர்னு சத்தம் கேட்டாலும், இந்த முள்ளுங்க தானா நிக்குது. நான் சொன்னாக் கேக்கிறதில்ல. பக்கத்துல வரவே எல்லாரும் பயப்படுறாங்க.”

“நரியார்கிட்ட போகலாம்ல?”

“போனேனே! ‘பயப்படாதே’ன்னு தட்டிக்கொடுக்க வந்தார். அந்த நேரத்துல ஒரு குரங்கு தும்மித் தொலைச்சுது. அவர் மூக்குல ரெண்டு முள்ளு!”

வீரணன் கெக்கெக்கென்று சிரித்துவிட்டான். வெள்ளத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ராக்காயி அண்ணாந்து பார்த்தாள். “உனக்கு என்னப்பா போச்சு?”

வீரணன் ஆற்றைப் பார்த்தான். “என் தம்பி” என்றான்.

“பேரு?”

“சித்தணன்.”

“எப்படி இருப்பான்?”

“சுத்த அசடு அக்கா! ஒருநாள் ஆமை முட்டைன்னு நினைச்சு ஒரு கூழாங்கல்லை முழுங்கிட்டான்!”

“அடப்பாவி! எவ்வளவு பெரிய கல்லு?”

“இத்தாம் பெருசு!” என்று முன்னங்கால் இரண்டையும் விரித்துக் காட்டினான் வீரணன்.

காட்டிய பிறகுதான் கவனித்தான், கை கிளையில் இல்லை! “ஐயையோ!” என்று பாய்ந்து மறுபடி இறுக்கிக்கொண்டான்.

“ஒண்ணும் இல்ல, நல்லாப் பிடிச்சுக்கோ” என்றாள் ராக்காயி. “கல்லை முழுங்கினவன் அப்புறம் என்ன பண்ணினான்?”

“என்ன பண்ணுவான்? வயித்தைத் தள்ளிக்கிட்டே நடந்தான். வளைகாப்பு எப்போன்னு காடே கேட்டுச்சு!”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த வீரணன் திடீரென்று விம்மினான். அப்புறம் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“வெள்ளத்துல என் வாலைத்தான் அக்கா பிடிச்சிருந்தான். எனக்குக் கால் வழுக்குச்சு. ஒரு தடவை புரண்டு கிளையைப் பிடிச்சேன். திரும்பிப் பாத்தா வால்ல கனமே இல்ல. அவன் விட்டானா, நான் உதறினேனா, தெரியலையே!”

அழாதே என்று ராக்காயி சொல்லவில்லை. உன் தப்பு இல்லை என்று அவசரப்பட்டுச் சமாதானமும் சொல்லவில்லை. அவளும் அழுதாள். நடுவில் ஒரு சுள்ளி விழுந்து முட்கள் சடாரென்று நின்றன. அப்படியே அழுகையைத் தொடர்ந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தத் தண்ணியில யாருக்கும் தெரிஞ்சிருக்காது வீரணா. நீ அவனைப் பிடிக்கத்தான் நினைச்சே. எனக்கு அது தெரியுது” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். அவள் வளை இடிந்த கதையை அவள் சொல்வாள், தம்பி கதையை அவன் சொல்வான். உச்சியிலிருந்து கத்திச் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. அதனால் சித்தணன் தேள் பிடித்த கதைக்கு ஒரு கிளை இறங்கினான். சித்தணன் மயிலிடம் கொத்து வாங்கிய கதைக்கு இன்னொரு கிளை. பயம் வந்த நாளில் ஒரு கிளை மேலே ஏறியும் போனான். “அங்கேர்ந்தே சொல்லு, கேக்குது” என்பாள் ராக்காயி. தாழ்ந்த கிளைக்கு வந்தபோது, அவள் கொண்டுவந்து வைத்திருந்த நத்தைகளை எட்டித் தின்றான். ஒருநாள் அவன் கால் மண்ணைத் தொட்டது.

நரியாருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது! காட்டையே கூட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“பார்த்தீர்களா? நமது சபைக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி! அன்று நான் ஆற்றிய உரை இன்று வேலை செய்திருக்கிறது! துக்கம் என்பது வெறும் நினைப்பு! அதை நான் உதறியது போல…”

டமார்! தூரத்தில் ஓர் இடி இடித்தது.

ராக்காயியின் முட்கள் நின்றன. வீரணன் ஒரு வேரைக் கவ்விப் பிடித்தான். நரியாரைக் காணோம்! தேடிப் பார்த்தால், ஒரு முட்புதருக்குள் தலையைச் செருகிக்கொண்டு கிடக்கிறார். வால் மட்டும் வெளியே நடுங்குகிறது.

“தலைவரே! மனசைத் தேத்திக்கோங்க! முடியும்னு நினைங்க!” என்று குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன. கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

வீரணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நடுக்கம் எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். இன்னொரு இடி இடித்தது. அவன் நெஞ்சும் படபடத்தது. ஆனாலும் வேரை விட்டான். மெல்ல நடந்து போய்ப் புதர் ஓரமாக உட்கார்ந்தான்.

“நரியாரே, உங்களுக்கு என்ன போச்சு?”

வீரணன் அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு சின்னக் குரல் வந்தது.

“ரெண்டு குட்டி.”

குரங்குகளின் சிரிப்பு நின்றுபோனது. எல்லாருக்கும் ஆறுதல் சொன்னாரே, இவரை நாம் கேட்டோமா என்று கரடி தலையைக் குனிந்துகொண்டது.

“குட்டிங்க எப்படி இருக்கும்? சொல்லுங்க” என்றான் வீரணன்.

“பெரியது… பெரியது வாயாடி. அப்படியே என்னை மாதிரி…” என்று தொடங்கிய நரியாருக்கு மேலே பேச்சு வரவில்லை. அழுதார். மழை தூற ஆரம்பித்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. நரியார் திரும்பப் பேசும்வரை எல்லாரும் புதரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

துயரத்தில் இருப்பவரைத் தேற்ற வேண்டுமானால், அவரைப் பிடித்து இழுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.