பாவாயியின் சாம்பார்

பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கப் பாவாயி வந்த முதல் நாளே, "சேரிக்காரி சமைச்சா எங்க பிள்ளைங்க சாப்பிடாது" என்று ஊரார் வாசலை மறித்தார்கள். சத்துணவுத் திட்ட அதிகாரி அப்போதே அவளைத் தன் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே அவளுக்கு வேலையே இல்லை. மதியம் பக்கத்துப் பள்ளியில் தட்டுச் சத்தம் கேட்டால் மட்டும் கை துறுதுறுக்கும்.

பாவாயி வழக்குப் போட்டாள்.

"இதில் சாதி எங்கே வந்தது?" என்றார் அதிகாரி கூண்டில் நின்று. "சமையல் சரியில்லை, மாற்றினேன்."

பாவாயி நீதிபதியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, "சாம்பாருல என்னங்க குறை? சொன்னா திருத்திக்குவேன்" என்றாள்.

"ஒரே உப்பு! பிள்ளைகள் வாயில் வைக்கவில்லை."

"என்னைய அடுப்பே பத்த வைக்க விடலீங்களே. நான் வைக்காத சாம்பாரு உங்களுக்கு எப்படிங்க உப்புக் கரிச்சுது?"

நீதிமன்றமே சிரித்தது. அதிகாரி கைக்குட்டையைத் தேடினார்.

தீர்ப்போடு பாவாயி பள்ளிக்குத் திரும்பினாள். பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்திருந்தார்கள். மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டு, அவள் கரண்டியைப் பிடித்தபடி காத்து நின்றாள். கடைசியில் ஒரு சிறுமி தன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, தட்டோடு வந்தாள்.

"எனக்கும் போடுங்கக்கா."