ஓடைக்குப் பூட்டிய விலங்கு

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து நாடொன்றை ஆண்ட ராஜாவுக்கு ஓர் ஓடையின் மேல் கோபம் வந்தது. கோயிலுக்குப் புறப்பட்ட அவர் பல்லக்கை நடுவழியில் மறித்து, பட்டு வேட்டியைச் சேறாக்கிவிட்டது குயிலோடை வெள்ளம்.

"அந்த ஓடைக்கு விலங்கு பூட்டுங்கள்! இரு கரையிலும் காவல் நிறுத்துங்கள்!" என்று சபையில் கர்ஜித்தார்.

சபையில் தன்னைக் கேலி செய்யும் விகடனைத் தொலைக்க இதுவே சமயம் என்று, படைத்தலைவரான தளவாய் அரசப்பன் சட்டென எழுந்தார். "மகாராஜா, இப்பணிக்கு விகடன் பூவணனே தகுந்தவர். அடுத்த ஐப்பசியில் ஓடை கரை தாண்டினால் அவரை நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

பூவணன் பயந்துபோனான். சிரிக்க வைத்துப் பிழைப்பவன் ஓடையை எப்படிக் கட்டுவான்? அன்றே ஓடைக்குப் போனான். ஒரு கரையில் தளவாயின் புது மாளிகை. ராஜாவிடம் ஒரு வார்த்தை கேளாமல் கட்டியது. அங்கிருந்த புங்கும் மருதும் நாணலும் மொட்டையடித்தாற்போல் போயிருந்தன. மண்ணைத் தள்ளி ஓடையையே ஒடுக்கியிருந்தார்கள்.

எதிர்க்கரையை விட்டுச் சற்றுத் தள்ளியிருந்த மேட்டில் அம்மாக்கண்ணு என்ற சலவைக்காரி, நிறைமாத வயிற்றோடு, வெள்ளத்தில் கரைந்த தன் குடிசைச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தாள்.

"மரமெல்லாம் இருந்த வரைக்கும் தண்ணி இங்கிட்டு ஏறினதே இல்ல சாமி. இப்ப மானம் கறுத்தாலே தண்ணி வீட்டுக்குள்ள வந்துருது. புள்ளய வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போவேன்?"

அவனுக்குத் தன் பயம் மறந்துபோயிற்று. அவளிடமிருந்து மண்ணை வாங்கித் தானே பூசினான்.

மறுநாள் சபையில் கைகட்டி நின்றான். "மகாராஜா, காவலர் நிற்க இடம் வேண்டும். இரு கரையிலும் ஒரு தென்னை நீளம் போதும். குறுக்கே வீடு இருந்தால்?"

காவலர் என்றால் தம் படையாட்கள்தானே, தம் வீட்டை எவன் தொடுவான் என்ற தைரியம் தளவாய்க்கு. "ராஜகாவலுக்கு வழிவிடாத வீடு எவனுடையதானாலும் இடிக்க வேண்டியதே!" என்றார். ராஜாவும் தலையசைத்தார்.

பூவணன் வண்டி வண்டியாகக் கன்றுகளைக் கொண்டுவந்து, மாளிகை வாசலில் இறக்கினான். தளவாய் ராஜாவிடம் ஓடினார். ராஜாவே நேரில் வந்துவிட்டார்.

"காவலர் எங்கே, பூவணா?"

"இதோ, மகாராஜா. புங்கும் மருதும் நாணலும். நின்ற இடத்தை விட்டு நகராதவர்கள், கண் அயராதவர்கள். கரை மண்ணைப் பிணைக்கும் இந்த வெட்டிவேரே விலங்கு. முன்பிருந்த காவலரைத் தளவாய் வெட்டிச் சாய்த்தார். அதனால்தான் ஓடை தப்பி வந்தது."

ராஜா மாளிகையைப் பார்த்தார். ஒடுங்கிக் கிடந்த ஓடையைப் பார்த்தார். "தளவாயே, தீர்ப்பு உமது வாயிலிருந்தே வந்துவிட்டது. உமது கையாலேயே அதை இடிக்க வேண்டும். தள்ளிய மண்ணையும் நீரே அள்ள வேண்டும்."

மாளிகை போயிற்று. ஓடை பழையபடி அகன்றது. ஆனால் கோடையில் கன்றுகள் வாடின. பூவணன் குடம் குடமாய்ச் சுமந்தான். அம்மாக்கண்ணு, இடுப்பில் கைக்குழந்தையோடு மறுகுடம் ஏந்தினாள். "உசிரு புடிச்சுக்கிச்சு சாமி" என்று ஒரு தளிரைத் தொட்டுக் காட்டிய அன்றுதான் அவனுக்குச் சோறு இறங்கியது.

ஐப்பசி மழை பொழிந்தது. ராஜா பல்லக்கை விட்டிறங்கி, நனைந்தபடி கரைக்கு வந்தார். ஓடை பொங்கியது, நாணலைச் சாய்த்தது, வேர்களை முட்டியது. கரை மட்டும் இடியவில்லை; தண்ணீர் அதைத் தாண்டவுமில்லை. மேட்டுக் குடிசையில் அம்மாக்கண்ணு பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

ராஜா கரையை நெடுக நடந்து பார்த்தார். பிறகு பல்லக்கிலிருந்த பட்டுப் பீதாம்பரத்தை எடுத்துப் பூவணனுக்குப் போர்த்தினார். அவன் குனிந்து வணங்கி, நேரே குடிசைக்குள் போய், குளிரில் சுருண்டிருந்த குழந்தைக்கு அதைப் போர்த்திவிட்டு வந்தான்.

"அடப்பாவி, கொடுத்த கையின் ஈரம் காயுமுன் கைமாற்றிவிட்டாயே!"

ராஜா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்து அழுதது. "சத்தம், மகாராஜா, சத்தம்!" என்று பூவணன் வாயில் விரல் வைத்தான். ராஜா வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தபடியே, தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.