சொம்பில் விழுந்த காசு

முன்னொரு காலத்தில், காபி என்கிற பானம் கப்பலேறி வந்து நம் பக்கம் இறங்கிய புதிதில், ஒரு மன்னருக்கு அதன்மேல் அசாத்தியப் பித்து. தான் குடித்தால் போதாதா? ஊரே குடிக்கவேண்டும் என்று அரண்மனை வாசலிலேயே ஒரு காபிக் கடையைத் திறந்துவிட்டார். குவளை ஒரு காசு. கடையை யார் பார்ப்பது என்று கேட்டதும் சபையே தலையைக் குனிந்துகொண்டது. பொக்கிஷ அதிகாரி அகோரமூர்த்தி மட்டும் எழுந்து, "நம் விகடகவி மாசிலாமணி சும்மாதானே இருக்கிறார், மன்னா" என்றார். வந்தது வினை. அத்தோடு விட்டாரா? வேண்டிய மட்டும் காபி கிடைக்குமே, சம்பளம் எதற்கு என்று அதையும் நிறுத்தவைத்தார்.

அன்றிலிருந்து மாசிலாமணி பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! ஒருவர் வருவார்: "டிகாஷன் தூக்கலா இருக்கணும். ஆனா கசக்கக் கூடாது." இன்னொருவர்: "சர்க்கரையே வேணாம்ப்பா. இனிப்பு மட்டும் இருந்தாப் போதும்." குதிரை வியாபாரி ஒருவர் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே, பொங்கலுக்கு வந்து ஆடி பிறந்தும் கிளம்பாத மாப்பிள்ளையைப் பற்றிப் பேசித் தீர்ப்பார். முடித்துவிட்டு, "என்னய்யா, காபி ஆறிப்போச்சு?" என்று கோபித்துக்கொள்வார். மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுடவைத்துக் கொடுப்பார். ஆனால் போகும்போது பலரும் பக்கத்திலிருந்த சொம்பில் ஒரு காசு கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் வீட்டில் உலை கொதித்தது அந்தக் காசில்தான்.

அதுவும் அகோரமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. "மன்னா! பால் தங்களுடையது, சொம்பும் தங்களுடையது. அதில் விழும் காசு மட்டும் அவருடையதா?"

மன்னர் மாசிலாமணியை அழைத்தார். "விலைக்கு மேல் எதற்காகக் கொடுக்கிறார்கள்?"

"கடையில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும், மன்னா."

"எம்மைக் காபி ஆற்றச் சொல்கிறாயா?" மன்னருக்குச் சுருக்கென்றது. "காபி குடிக்க வருகிறவர்கள் உன்னிடம் கொடுப்பது எதுவாயினும், நாளைமுதல் ஒன்று விடாமல் எம்மிடம் வந்து சேரவேண்டும். ஒன்று குறைந்தாலும் நீ இந்த நாட்டில் இருக்கமுடியாது."

"உத்தரவு, மன்னா" என்றார் மாசிலாமணி. பிள்ளைகளின் முகம் அவர் நினைவுக்கு வந்தது.

மறுநாள் சபை கூடியதும் வாசலில் ஒரே கூச்சல். குவளையும் கையுமாக ஒரு கூட்டம் உள்ளே வந்தது. முன்னால், காசுச் சொம்போடு மாசிலாமணி.

"மன்னா, இவர்கள் இன்று எனக்குக் கொடுத்ததில் காசு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் குறை. ஒன்று விடாமல் தங்களிடம் சேர்க்கவேண்டும் அல்லவா?"

மன்னர் முன்னால் வாய் திறக்கமாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? காபியில் குறை இருந்தால் நம் ஆட்களுக்கு மன்னராவது மண்ணாங்கட்டியாவது! "பால் தண்ணியா இருக்கு மகாராஜா." "நேத்து இருந்த ருசி இன்னிக்கு இல்லீங்க." குதிரை வியாபாரி சிம்மாசனத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை கதை, சம்பந்தி கதை, சம்பந்தி வீட்டு எருமைக் கதை. மன்னர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அப்போது வரிசையின் கடைசியிலிருந்து பழக்கமான குரல் ஒன்று கேட்டது.

"மன்னா, என் காபியில் ஆடை மிதக்கிறது!"

அகோரமூர்த்தியேதான்.

"ஐயோ, போதும்!" மன்னர் மோதிரத்தைக் கழற்றிச் சொம்பில் போட்டார். "எடுத்துக்கொள். முதலில் இவர்களை அழைத்துக்கொண்டு போ!"

மாசிலாமணி நகரவில்லை. "ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் தாங்கள் எதற்கு இதைப் போட்டீர்கள், மன்னா?"

"தினமும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறாயே என்று மனம் கேட்கவில்லை..." சொல்லிக்கொண்டே வந்த மன்னர் சட்டென்று நிறுத்தினார்.

"அவர்களுக்கும் அதேதான், மன்னா. குடித்து முடித்ததும் கொஞ்சம் உறுத்தும்."

மன்னர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். மோதிரமும் நிறுத்திய சம்பளமும் மாசிலாமணிக்கு வந்தன. காபிக் கடை அகோரமூர்த்திக்குப் போனது.

மறுநாள் கடையில் முதல் ஆளாக மாசிலாமணி போய் நின்றார். டிகாஷன் தூக்கலாக, ஆனால் கசக்காமல் வேண்டும் என்றார். குவளையைக் கையில் வைத்துக்கொண்டு பொழுது ஏறும்வரை பேசினார். பிறகு ஆறிப்போய்விட்டதே என்று கோபித்துக்கொண்டார்.

போகும்போது மறக்காமல் சொம்பில் ஒரு காசு போட்டார்.