பொன் தொட்டியில் வைத்த புதினா

முன்னொரு காலத்தில் வேங்கைநாடு என்றொரு நாட்டை மகுடவர்மன் என்கிற ராசா ஆண்டுகொண்டிருந்தான். பத்து யானை எதிரே வந்தாலும் அசையமாட்டான். ஆனால் ஒரு தும்மல் வந்தால் போதும், "எனக்குப் பிறகு யாருக்குப் பட்டம் கட்டலாம்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவான். அப்படிப்பட்ட ராசா.

ஒரு தடவை அவனுக்கு வயிற்றுப் பொருமல் வந்தது. மூன்று நாளாய்ச் சோறு இறங்கவில்லை. எந்த லேகியமும் கேட்கவில்லை. தோட்டக்காரி ஆவுடையாள், சமையற்கட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் புதினா வளர்த்திருந்தாள். அதில் ஒரு கைப்பிடி கிள்ளி, சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். ராசா அரண்மனையே அதிரும்படி ஓர் ஏப்பம் விட்டான். வயிறு லேசாகிவிட்டது.

"இனிமேல் அரண்மனைத் தோட்டம் முழுக்க உன் பொறுப்பு" என்றான்.

அதுவரை அந்தப் பொறுப்பு தாண்டவராயர் என்ற பிரதானியிடம் இருந்தது. மண்வெட்டிக்கு எந்தப் பக்கம் பிடி என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் பதவி போனதில் அவருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்குப் புதினா கேட்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சபையில் எழுந்தார். "பிரபு, உங்களைக் காப்பாற்றிய செடி இனி உங்கள் உயிர்ச்செடி. அது தழைத்தால் நீங்கள் தழைப்பீர்கள். அது பட்டுப்போனால்... ஐயோ, என் வாயால் எப்படிச் சொல்வேன்!"

ராசாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அதைப் போய் எச்சில் தண்ணீரிலா விடுவது? ஒரு கொத்தை வேரோடு பெயர்த்துப் பொன் தொட்டியில் நட்டு, சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். ஓர் இலையைக்கூட யாரும் கிள்ளக்கூடாது. காலையும் மாலையும் ஒரு குடம் தண்ணீர். இத்தனை செய்தும் அது பட்டுப்போனால், பார்த்துக்கொண்டவள் தலை போகவேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராசா.

ஆவுடையாள் பதறிப்போய் முன்னால் வந்தாள். "ராசா, தொட்டிக்கு அடியில் ஓர் ஓட்டை போடச் சொல்லுங்கள். தண்ணீர் வடியாவிட்டால் வேர் அழுகிவிடும். காலை வெயில் கொஞ்சம் படவேண்டும். நுனியைக் கிள்ளக் கிள்ளத்தான் புதினா பக்கத்தில் வெடித்துக் கிளைக்கும்."

"கேட்டீர்களா பிரபு!" என்று குதித்தார் தாண்டவராயர். "உங்கள் பொன்னில் ஓட்டை போடவேண்டுமாம்! உங்கள் உயிரைக் கிள்ளவேண்டுமாம்!"

ஓட்டையில்லாத பொன் தொட்டியிலேயே அவள் ஒரு கொத்தை நட்டாள். வேறென்ன செய்வாள்?

நாலாம் நாள் அடியிலைகள் மஞ்சளாயின. ராசா கண்ணாடி கேட்டான். "ஆவுடை, என் முகமும் மஞ்சளாய்த் தெரிகிறதே?"

"அது மஞ்சள் பட்டுத் திரையின் நிறம் ராசா."

ராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கையால் தன் நாடியைப் பிடித்துக்கொண்டு செடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஆவுடையாளின் குடிசையிலும் உலை கொதிக்கவில்லை. "எங்காவது ஓடிப்போய்விடலாம்" என்றான் அவள் புருஷன் மாசானம்.

"நான் ஓடினால் அந்த மனுஷன் பயத்திலேயே செத்துப்போவார்" என்றாள். சொல்லும்போதே கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

ஏழாம் நாள் காலை தண்ணீர் ஊற்றப் போனவள் தண்டைத் தொட்டாள். கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து நாறியது. வாசலில் காவலன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். நல்லவேளை, துவையலுக்காகப் பின்கட்டில் கிள்ளிய புதினாத் தண்டு நாலு அவள் மடியில் இருந்தது. அழுகினதை மடியில் போட்டுக்கொண்டு, பச்சைத் தண்டுகளைச் சேற்றில் குத்திவைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அதே வேலை. மத்தியானத்துக்குள் தண்டுகள் துவளும்.

"ஏன் தலை குனிகிறது ஆவுடை?"

"ராசாவை வணங்குகிறது."

காலையில் பச்சையைப் பார்க்கப் பார்க்க ராசாவுக்குப் பசி திரும்பியது. இரண்டு தோசை நாலாகி, நாலு ஆறாயிற்று. ஆனால் எத்தனை நாள் இப்படி ஓட்டமுடியும்? என்றைக்காவது ஒரு தண்டு கழன்று விழுந்தால் அவள் தலை தரையில் உருளும். எட்டு நாள் பொறுத்தாள். அதற்கடுத்த காலை, கையில் ஒட்டிய சேற்றைக் கழுவாமலே நின்றாள். தாண்டவராயர் வந்ததும் முந்தானையால் தொட்டியை மறைப்பதுபோல மறைத்தாள்.

தாண்டவராயர் விடுவாரா? சபை கூடியதும் பாய்ந்துபோய்த் தண்டைப் பிடித்து இழுத்தார். வேரில்லாத தண்டு கையோடு வந்தது.

"மோசடி பிரபு! வேரே இல்லை! உங்கள் உயிர்ச்செடி என்றைக்கோ செத்துப்போய்விட்டது!"

ராசா ஆடிப்போய், "எப்போது செத்தது?" என்று கேட்டான்.

"எட்டு நாளாயிற்று ராசா" என்றாள் ஆவுடையாள்.

"அப்படியானால் நான்...?"

ராசா மார்பில் கைவைத்துப் பார்த்தான். மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தான். "மூச்சு வருகிறதே!"

"வரும் ராசா. நேற்று ஆறு தோசை சாப்பிட்டீர்கள்."

"ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் என் தலை போயிருக்கும், பயத்தில் உங்கள் உயிரும் போயிருக்கும். உயிர்ச்செடி என்று சொன்ன வாயே, அது செத்துவிட்டது என்றும் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்."

தாண்டவராயர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"நில்லும்!" என்றான் ராசா. "செடி செத்தது என்று நிரூபித்தது நீர். நான் சாகவில்லை என்பதற்கு நானே சாட்சி. அப்போது அன்றைக்கு நீர் சொன்னதற்கு என்ன பெயர்?"

ராசா ஓர் உளியையும் சுத்தியலையும் வரவழைத்தான். பொன் தொட்டியில் ஓட்டை போட்டவர் தாண்டவராயரேதான். போட்டுவிட்டு, அதை ஆவுடையாள் வீட்டு வாசல்வரை தலையில் சுமந்து போனதும் அவர்தான். தொட்டி அவளுக்கே பரிசு. அன்றிலிருந்து பின்கட்டில் புதினாவுக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலையாயிற்று.

ராசா தானே பின்கட்டுக்கு வந்தான். கிள்ளுவதற்கு முன் ஆவுடையாளை ஒருதரம் பார்த்தான். ஒரு நுனியைக் கிள்ளிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்து இன்னொரு நுனியைக் கிள்ளினான்.

வேங்கைநாட்டில் புதினா நடுகிறவர்கள் இன்றைக்கும் முதலில் தொட்டியைக் கவிழ்த்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்களாம்.