எலுமிச்சம்பழம் சொன்ன சாட்சி

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, மதுரைக்குப் போகும் பேருந்து ஒன்றைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அதில் இருந்த நீளப் பையொன்றை மேசைமேல் வைத்துத் திறந்தார்கள். உள்ளே ஒரு வாளும் ஓர் அனுமதிக் கடிதமும் இருந்தன. வாளின் பிடியில் பூஜைக்குக் கட்டிய எலுமிச்சம்பழம் தொங்கியது.

பைக்கு உரியவள் முத்துக்கனி. பள்ளிப் பெண்களுக்கு வாள்வீச்சு சொல்லித் தருகிறவள், போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வழக்கு என்று ஒன்று விழுந்தால் பள்ளியில் அவள் வேலை போய்விடும்.

உதவி ஆய்வாளர் ராயப்பன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "முத்திரை எங்கம்மா?"

"இருக்குய்யா. பூஜையில வாளோட சேத்து லெட்டரையும் வச்சேன். பொட்டு அதுமேலயே விழுந்துருச்சு."

"லெட்டருக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா?"

கடிதத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆயுதத்தோடு என்னையும் சேர்த்தார்களே என்று நேற்று எவ்வளவு பெருமைப்பட்டேன்! அந்த மரியாதையால் இப்போது என் முகமே தெரியவில்லை."

மேசையில் கிடந்த அளவு நாடா நீண்டு வந்து வாளின்மேல் படுத்தது. "இரண்டரை அடி," என்றது. "இந்த நீளத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் பின்னறையில் துருப்பிடித்துக் கிடக்கிறார்கள். ஒவ்வொருவர் மேலும் வழக்கு எண் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும்."

"அது மொண்ணை வாள்யா. கூரே கிடையாது," என்றாள் முத்துக்கனி. வெளியே ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.

"பிடிபடுறவங்க எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க. பாத்துருவோம்." ராயப்பன் நூலை அவிழ்த்து எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்தார். வாளைக் கையில் எடுத்தார்.

வாளுக்கு உயிரே போனது. பைக்குள் அது எத்தனை நாள் வீரம் பேசியிருக்கிறது! பாறையைப் பிளந்தேன், இரும்பைச் சீவினேன் என்று கடிதத்துக்குக் கதை கதையாகச் சொல்லியிருந்தது. கடிதமும் அத்தனையையும் நம்பியிருந்தது.

"ஐயோ, வெட்டிவிடாதே!" என்று கத்தியது கடிதம். "உன் வீரத்தை வேறு எங்காவது காட்டு. அவள் பிழைக்க வேண்டும்!"

வாள் பழத்திடம் குனிந்தது. "நான் சொன்னதெல்லாம் பொய்," என்றது மெல்ல.

"நேற்று கட்டும்போதே தெரியும்," என்றது பழம். "பயப்படாமல் அழுத்து."

ராயப்பன் அழுத்தினார். பழம் நசுங்கி ஒரு பக்கமாக உருண்டது. மறுபடி பிடித்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தோலில் ஒரு கோடுகூட விழவில்லை.

அவர் சிரித்துவிட்டார். "இதை வச்சு வெண்ணெயைக்கூட வெட்ட முடியாதும்மா!"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். வாளுக்கு அவமானம் தாங்கவில்லை. ஆனால் முத்துக்கனியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தபோது, பாறையைப் பிளந்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது என்று அதற்குத் தோன்றியது.

"ரொம்பப் பயந்துட்ட. ஒரு வாய் ஜூஸ் குடிச்சுட்டுப் போம்மா, பஸ் நிக்கும்." ராயப்பன் பேனாக்களுக்கு நடுவிலிருந்து பழம் நறுக்கும் கத்தியை எடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும். பேச்சு முடிவதற்குள் எலுமிச்சம்பழம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கத்தி அழுத்தவே இல்லை, சும்மா தொட்டது.

சிரிப்புச் சத்தத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. வாள் மட்டும் பார்த்தது. அதன் உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது.

"அது எத்தனை அங்குலம்?" என்று நாடாவிடம் கேட்டது.

நாடா அவசரமாகத் தன்னைச் சுருட்டிக்கொண்டது.

"இங்கேதான் பல வருஷமாகக் கிடக்கிறது. அதை அளக்கச் சொல்லி இன்றுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை."